கடைசியில் ஒரு 'கே'

கேள்வி: ஆங்கிலத்தில் மெஜிக் என்ற சொல்லின் கடைசியில் ஒரு 'கே' சேர்த்து எழுதுகிறார்களே, அதன் அர்த்தம் என்ன? மிஸ்டிசிசம் என்பதும் இதுவும் ஒன்றுதானா? ஒன்லைன் வகுப்பொன்றில் சேர இருக்கிறேன். 21 நாளில் நினைத்தது நடக்குமாம், கட்டணம் 15,000 ரூபா. இது என் அப்பாயி கட்டிவிடும் தாயத்து மாதிரி மூடநம்பிக்கை இல்லை, விஞ்ஞானம் என்கிறார்கள்.
– வாசகி, தலவாக்கலை

பதில்: அந்தக் 'கே'யை ஒட்டவைத்துப் பிரபலமாக்கியவர் அலிஸ்டர் குரோலி (1875–1947) என்ற ஆங்கிலேயர். தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுக்கும் மேடை வித்தைக்காரரோடு தன்னையும் சேர்த்துவிடுவார்களே என்று பழைய எழுத்துக்கூட்டல் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டார். சங்கற்பத்துக்கு இசைய மாற்றத்தை உண்டாக்கும் விஞ்ஞானமும் கலையும் – இதுதான் அவர் தந்த வரைவிலக்கணம். உங்கள் வகுப்புக்காரருக்கு 'விஞ்ஞானம்' எங்கிருந்து கிடைத்தது என்று இப்போது விளங்கியிருக்கும். மனமறிந்து செய்யும் எந்தச் செயலும் மெஜிக்தான் என்றும் குரோலி எழுதினார். அந்தக் கணக்கில், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) முன்னால் எழும்பி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றும் உங்கள் அம்மாவும் மந்திரவாதிதான். அவர் கட்டணம் வாங்குவதில்லை.

குரோலிக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். சங்கற்பம் என்று அவர் சொன்னது லொத்தர் விழ வேண்டும், எதிர்வீட்டுக்காரி கெட வேண்டும் என்ற ஆசைகளை அல்ல. ஒருவன் எதற்காகப் பிறந்தானோ அந்த உள்நோக்கத்தைத்தான். தன் காவல் தூதனை அறிவதே வித்தையின் உச்சம், அதை விட்டு மற்ற காரியங்களுக்கு இறங்கினால் அது கரிய வித்தை என்று எழுதியவரும் அவரே. 21 நாள் விளம்பரத்தில் இந்தப் பகுதி விடுபட்டிருக்கும்.

வித்தியாசத்துக்கு வருகிறேன். இதற்கு ஆங்கிலம் தேவையில்லை, நம் பேச்சே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. மாந்திரீகத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: ஏவல், செய்வினை. ஏவல் என்றால் கட்டளை. செய்வினையில் செய்பவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும். நீங்கள் கேட்ட மிஸ்டிசிசத்துக்கு, அதாவது மறைஞானத்துக்கோ 'சும்மா இருத்தல்' என்கிறோம். அங்கே கட்டளையும் இல்லை, செய்பவனும் மெல்ல மெல்லக் கரைந்து போகிறான். தாயுமானவர் ஒரே பாட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மதயானையை வசமாக்கலாம், புலியின் வாயைக் கட்டலாம் (சிறுத்தை நடமாடும் நம் மலைகளில் இது உபயோகமான வித்தைதான்), தண்ணீர் மேல் நடக்கலாம், நெருப்பின் மேல் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது' என்று முடிக்கிறார். சித்திகள் பொய் என்று அவர் சொல்லவில்லை. அவை சுலபமானவை என்கிறார்! யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி இன்னும் கறார்: சமாதிக்கு அவை இடையூறு.

இரண்டையும் பிரித்தறிய, தவணை (இத்தனை நாளில் நடக்கும் என்ற கெடு) இருக்கிறதா என்றும் பார்க்கலாம். மூன்று வெள்ளிக்கிழமைக்குள் சரிவரும் என்று உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி சொன்னால், நாலாவது வெள்ளி போய் "நடக்கவில்லையே" என்று கேட்கலாம். சும்மா இருந்தவரிடம் போய் நடந்ததா என்று கேட்க முடியுமா?

குரோலியும் இந்த இரண்டையும் தெரியாதவர் அல்லர். அவர் யோகம் பயின்றது எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் கண்டியில். 1888இல் லண்டனில் தொடங்கிய 'பொன் விடியல்' என்ற மாந்திரீகச் சங்கத்தில் அவருக்கு வித்தை சொல்லிக்கொடுத்தவர் அலன் பென்னெட். ஆஸ்துமா வாட்டவே பென்னெட் இலங்கைக்கு வந்து, அப்போது சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் கற்றார். (இராமநாதன் 'ஸ்ரீ பரானந்தர்' என்ற பெயரில் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்கு உரை எழுதியவர். அது வேறு கதை, இன்னொரு கேள்விக்கு வைத்திருக்கிறேன்.) 1901இல் குரோலி வந்து சேர, இருவரும் கண்டியில் ஒரு பங்களா எடுத்து ஆசனம், பிராணாயாமம், தியானம் என்று உட்கார்ந்தார்கள். தியானம் கைகூடியது என்று குரோலி எழுதிவைத்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு விடை. பென்னெட் பர்மாவுக்குப் போய், மந்திரக் கோலைப் போட்டுவிட்டுச் சீவரம் உடுத்தி ஆனந்த மெத்தேய என்ற பிக்குவானார். குரோலி 1902இல் கே2 சிகரம் ஏறப் போய், உச்சியைத் தொடாமல் திரும்பினார். அந்த எழுத்தின் மேல் அவருக்கு அப்படி என்ன மோகமோ! பிற்பாடு அவர் எழுதிய நூலிலும் முதல் பாகம் மறைஞானம், இரண்டாம் பாகம் மெஜிக் என்றே பிரித்தார். முதலாவதைப் படியாக வைத்து இரண்டாவதில் ஏறினார். பென்னெட்டுக்கு ஏணியே வேண்டாமென்று போய்விட்டது.

அப்பாயியின் தாயத்தைப் பற்றி அவ்வளவு இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ரோதை (இயந்திரச் சக்கரம்) ஆளைப் பிடித்துவிடக் கூடாதென்று ரோதமுனி என்ற காவல் தெய்வத்துக்குத் தேங்காய் உடைக்கிறார்களே, அது ஏவலா? முனி தரலாம், தராமலும் போகலாம், கோபித்தும் கொள்ளலாம். கேட்பவர் அதை ஒத்துக்கொண்டுதான் கேட்கிறார். அதன் பெயர் வேண்டுதல். மெஜிக்கிலும் மறைஞானத்திலும் சேராத மூன்றாவது சங்கதி. கொழுந்துக் கூடையோடு சறுக்கும் மலையில் ஏறப்போகிற மகளின் கையில் அப்பாயி கறுப்புக் கயிறு கட்டுவதும் பெரும்பாலும் இந்த வகைதான். பயத்தை முடிச்சுப் போட்டுக் கட்டுகிறார். நீங்கள் காசு கட்டப் போகும் வகுப்போ, தவணை சொல்கிறபடியால், கோடாங்கியின் கடையேதான். அவருக்கு உடுக்கை, இவர்களுக்கு 'கே'. கோடாங்கி வெற்றிலை பாக்கோடு தட்டில் வைப்பதை எடுத்துக்கொள்வார் என்பது ஒன்றுதான் பேதம்.

சேருவதும் சேராததும் உங்கள் சங்கற்பம். சேர்ந்தால், 22ஆம் நாள் எனக்கு ஒரு தபாலட்டை போடுங்கள். நடந்தது, நடக்கவில்லை, எதுவானாலும் ஒரு சொல்லும் வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.