எரிக் கார்ல் வழியில் ஒரு கடல் புத்தகம்

கேள்வி: எரிக் கார்ல் யார்? அவர் படங்களை எப்படிச் செய்தார்? இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரை வைத்து, நம் கடல் உயிர்களைக் கொண்டு அதே முறையில் படப்புத்தகம் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் முதல் நாள் கத்தரிக்கோலை வெளியே எடுக்காதீர்கள். பள்ளிகளில் இந்த வேலை சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். கடையில் வாங்கிய வண்ணத்தாளை வெட்டி ஒட்டிவிட்டு, கார்ல் படம் மாதிரி வரவில்லையே என்று முழிப்பார்கள். அவர் வேலையில் முக்கால்வாசி, தாளைத் தயார் செய்வதுதான். வெட்டுவதும் ஒட்டுவதும் மிச்சக் கால்வாசி.

முதலில் ஆளைப் பற்றி. சிறுவர் படப்புத்தகக் கலைஞரான கார்ல் 1929 ஜூன் 25 அன்று அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து போனவர்கள். அம்மாவுக்கு ஊர் நினைப்பு விடவில்லை. பையனுக்கு 6 வயதாகும்போது குடும்பம் ஸ்டுட்கார்ட்டுக்கே திரும்பிவிட்டது. போய்ச் சேர்ந்தது ஹிட்லர் காலத்தில். காட்டுக்குள் கூட்டிப்போய்க் கல்லைப் புரட்டி அடியில் ஊரும் பூச்சிகளைக் காட்டிய அப்பா, ராணுவத்துக்கு இழுக்கப்பட்டு, சோவியத் சிறையில் கிடந்து, 1947இல் வீடு திரும்பியபோது எடை 85 பவுண்டு. அதாவது 38 கிலோ சொச்சம். நவீன ஓவியங்களுக்கு நாஜிகள் தடை போட்டிருந்த அந்த நாளில், கிராவுஸ் என்ற ஓவிய ஆசிரியர் இந்தப் பையனைத் தனியாக அழைத்து அந்தப் படங்களைக் காட்டினார். கார்லின் புத்தகங்களில் நிறம் ஏன் அப்படிக் கொட்டிக் கிடக்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1952இல் கையில் 40 டாலரோடு நியூயார்க் வந்தார். நியூயார்க் டைம்ஸில் வரைகலை வேலை, பிறகு விளம்பர நிறுவனம். ஒரு விளம்பரத்துக்காக அவர் செய்த சிவப்புச் சிங்கி இறாலைப் பார்த்துவிட்டுத்தான் பில் மார்ட்டின் என்ற எழுத்தாளர் தன் கதைக்குப் படம் போடக் கேட்டார். அது 1967இல் வந்த 'பிரவுன் பேர், பிரவுன் பேர், வாட் டூ யூ சீ?'. ஆக, எல்லாம் ஒரு கடல் பிராணியில்தான் ஆரம்பித்தது. 70க்கும் மேற்பட்ட புத்தகங்களுக்குப் படம் போட்டார். 2002இல் மனைவி பார்பராவோடு சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹெர்ஸ்டில் படப்புத்தகக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார். 2021 மே 23 அன்று, 91 வயதில் காலமானார்.

உலகமே அறிந்த 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' வந்தது 1969இல். தாளில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் துளைத்துக்கொண்டு போகும் புழு நினைவுக்கு வந்திருக்கிறது. வில்லி என்ற புழுவாகத்தான் முதலில் எழுதினார். புழு வேண்டாமே என்று பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் சொல்ல, அது கம்பளிப்பூச்சி ஆனது; கடைசிப் பக்கத்துக்குப் பட்டாம்பூச்சியும் கிடைத்தது. ஓட்டைகளும் வெவ்வேறு அகலப் பக்கங்களுமாக இருந்ததால் அமெரிக்காவில் அச்சடிக்கக் கட்டுப்படியாகவில்லை, ஜப்பானில் அச்சடித்தார்கள். (பட்டாம்பூச்சி கூட்டுப்புழுவிலிருந்துதான் வரும், நூல் சுற்றிய கூடு அந்துப்பூச்சிக்குத்தானே என்று அறிவியல் ஆசிரியர்கள் இன்றைக்கும் குறை சொல்வார்கள். குறை சரிதான். அதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை.)

கடலோரப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது இதையல்ல. 1987இல் வந்த 'எ ஹவுஸ் ஃபார் ஹெர்மிட் கிராப்', 2004இல் வந்த 'மிஸ்டர் சீஹார்ஸ்' இரண்டும் இவர்கள் கையில் இருக்க வேண்டியவை. முன்னதில் துறவி நண்டு பழைய சங்கை விட்டுப் பெரிய சங்குக்குக் குடிபோய், மாதத்துக்கு ஒருவராகக் கூட்டாளி சேர்க்கிறது. பின்னதில் முட்டை சுமக்கும் ஆண் கடல் குதிரை, தன்னைப் போலவே பிள்ளை பார்க்கும் வேறு ஆண் மீன்களைச் சந்திக்கிறது. நம் பக்கத்துக் கடல் கெளுத்தியிலும் ஆண்தான் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தர் இருந்தால் போதும், இந்தப் பேச்சு வகுப்பில் அரை மணி நேரம் ஓடும்.

இனி வேலை. கார்ல் தொடக்கத்தில் கடையில் கிடைத்த வண்ண டிஷ்யூ தாளைப் பயன்படுத்தினார். சாயம் ஏற்றிய அந்தத் தாள் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால் பின்னாளில் வெள்ளை டிஷ்யூ தாள் வாங்கித் தானே அக்ரிலிக் பூசினார். பூசியவற்றை நிறவாரியாகத் தட்டையான இழுப்பறைகளில் அடுக்கி வைத்து, தேவைப்படும்போது எடுத்து வெட்டினார்.

உங்களுக்கு வேண்டிய தாள், பட்டுச்சேலை மடிப்புக்குள் வைத்துத் தருவார்களே, அந்த மெல்லிய வெள்ளைத் தாள். கை துடைக்கும் டிஷ்யூ ஆகாது, ஈரம் பட்டதும் கூழாகிவிடும். 50 × 75 செ.மீ. தாள் 12 வாங்கி, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டினால் 48 துண்டு. 8 நிறத்தில் ஒரு நிறத்துக்கு 6 துண்டு. ஒரு துண்டுக்கு ஒரு பூச்சுக்கு ஒரு டீஸ்பூன் அக்ரிலிக், அரை டீஸ்பூன் தண்ணீர். இரண்டு பூச்சுக்கும் சேர்த்து 100 மி.லி. புட்டி 5 போதும்: வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு, கறுப்பு. மற்றதைக் கலந்துகொள்ளலாம். போஸ்டர் கலர் மலிவு என்று அதில் இறங்கிவிடாதீர்கள். அது காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். பசை தடவிய நிமிடமே நீலம் நண்டிலிருந்து மணலுக்கு ஓடும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும், கரையாது. அதனால்தான் மேலுக்கு மேல் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் கார்ல் படத்தில் நிறம் அழுக்காவதில்லை.

பாலித்தீன் விரிப்பின் மேல் தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையை இழுக்க வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் தாள் சுருண்டு கிழியும். முதல் பூச்சு ஒரே நிறம், அது காய வேண்டும். இரண்டாவது பூச்சில்தான் விளையாட்டு: ஈரமாக இருக்கும்போதே சீப்பால் கீறினால் வரிவரியாக வரும், கசக்கிய துணியால் ஒற்றி எடுத்தால் திட்டுத்திட்டாக வரும், பழைய மிதியடித் துண்டால் அழுத்தினால் மணல் மாதிரி வரும். கார்ல் விரல், ஸ்பஞ்சு, கம்பளத் துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியவர். உப்புத் தூவும் வித்தை நீர்வண்ணத்துக்கு உரியது. கடலோரத்தில் அதைச் செய்யவே கூடாது. தாளில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நாள் கணக்கில் பிசுபிசுக்கும்.

தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் தாளை உரித்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். அப்படியே முழுதும் காயவிட்டால் பாலித்தீனோடு பிடித்துக்கொண்டு கிழிந்து வரும். வெளியே காயப்போட ஆசை வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது வேண்டாம், ஒவ்வொரு தாளிலும் ஒரு கைப்பிடி மணல் ஏறிவிடும். காய்ந்ததை அடுக்கும்போது இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். இந்த ஈரக்காற்றில் அக்ரிலிக் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள் வைத்தால் மை ஏறும்.

பசைக்குக் கார்ல் பயன்படுத்தியது சுவர்த்தாள் ஒட்டும் பசை. நமக்கு மைதாப் பசையே போதும்: 100 கிராம் மைதாவை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் அரை லிட்டர் ஆக்கி, சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளற வேண்டும். ஆறிய பின் மூன்று பங்குப் பசைக்கு ஒரு பங்கு ஃபெவிகால். ஃபெவிகாலை மட்டும் தடவினால் சீக்கிரம் பிடித்துவிடும். கோணலாக விழுந்த நண்டுக் காலை நகர்த்த முடியாது. பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது. இந்த வெயிலுக்கு மைதாப் பசை மறுநாளே புளித்துவிடும், தினம் புதிதாகக் காய்ச்சுங்கள்.

எந்தப் பிராணியை எடுத்தாலும் முதலில் அதைச் சரியாகப் பார்க்க வேண்டும். நீலக்கால் நண்டை எடுத்துக்கொள்வோம். ஆணுக்குத்தான் அந்த நீலம், மேலே வெள்ளைத் திட்டு. பெண் மங்கலான பழுப்புப் பச்சை. கொடுக்கு இரண்டையும் சேர்த்துக் கால் பத்து. கடைசி ஜோடி நீந்துவதற்காகத் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். ஓட்டின் இரு ஓரத்திலும் ஒரு பெரிய முள். பட்டர் பேப்பரில் இதை வரைந்து, ஓடு, கொடுக்கு, கால், துடுப்பு எனத் தனித்தனி உருவாகப் பிரித்து, கசக்கிய துணியால் ஒற்றி எடுத்த நீலத் தாளின் மேல் வைத்து இரண்டையும் சேர்த்து வெட்ட வேண்டும். கால்களை முதலில் ஒட்டி, ஓட்டைக் கடைசியாக மேலே ஒட்டினால் மூட்டுகள் மறைந்துவிடும். கண், மீசை, மூட்டுக்கோடு ஆகியவை காய்ந்த பிறகு கிரேயானால்.

கடல் குதிரையில் தகராறு வால்தான். 6 மி.மீ. அகலச் சுருளை ஒரே துண்டாக வெட்டினால், பசை ஈரத்தில் நீண்டு அறுந்துவிடும். வாலை மூன்று வளைவுத் துண்டாக வெட்டி, 3 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். சீப்பால் கீறிய தாளாக இருந்தால் உடம்பின் வளையங்கள் தானே வந்துவிடும், இணைப்பும் தெரியாது. மாதிரிக்கு என்று காய்ந்த கடல் குதிரையையோ கடல் அட்டையையோ பவளத்தையோ யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள். மூன்றும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வைத்திருப்பதே குற்றம். நல்ல புகைப்படம் போதும். கரையில் கிடக்கும் காலிச் சங்குகளையும் அள்ளி வர வேண்டாம். துறவி நண்டின் அடுத்த வீடு அது.

புத்தக அமைப்புக்குக் கம்பளிப்பூச்சியை நகலெடுக்காமல் நம் கரைக்குப் பொருந்துவதாக ஒன்று சொல்கிறேன்: கடல் உள்வாங்குவது. கார்ல் அந்தப் புத்தகத்தில் குறுகிய பக்கத்தை முதலில் வைத்து அகலமாக்கிக்கொண்டே போனார். நாம் திருப்பிப் போடுவோம். அடியில் 30 × 20 செ.மீ. முழுப் பக்கம், அதில் கரை முழுதும் இருக்கும். அதன் மேல் 26, 22, 18, 14, 10 செ.மீ. அகலத்தில் ஐந்து நீர்ப்பக்கங்கள், அகலமானது எல்லாவற்றுக்கும் மேலே. எல்லாவற்றிலும் இடது 2 செ.மீ. தையலுக்கு. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் நீரின் விளிம்பு 4 செ.மீ. பின்வாங்கும், மணலில் புதிதாக ஓர் உயிர் தெரியும்: அட்டையைத் திறந்ததும் துறவி நண்டு, பிறகு நீலக்கால் நண்டு, நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் தாழையை (கடற்புல்லை)ப் பிடித்துத் தொங்கும் கடல் குதிரை. கடைசி 8 செ.மீ. மட்டும் வற்றாத ஆழம், அங்கே ஆவுளியா என்னும் கடல் பசு. கடல் குதிரை இருக்கும் பட்டையிலும் ஓர் அடுக்கு வெளிர்நீலத் தாளை ஒட்டிவிடுங்கள். வறண்ட மணலில் கடல் குதிரை நின்றால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

நீர்ப்பக்கத்தின் வலது விளிம்புக்கு மட்டும் தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், நிறம் பூசிய பக்கம் மேலே இருக்க, உங்களை நோக்கி இழுத்து. உரிந்த வெள்ளை நார் விளிம்பில் தெரியும். அதுவே நுரை.

56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றில் ஒரு புத்தகத்தின் ஆறு பக்கமும் அடங்கும்: 20 செ.மீ. உயரத்தில் இரண்டு வரிசை, முதல் வரிசையில் 30, 26, 14. இரண்டாவதில் 22, 18, 10. ஐந்து பேருக்கு ஒரு புத்தகம் என்றால் 6 சார்ட். அட்டைக்கு 31 × 21 செ.மீ. கனத்த அட்டை, புத்தகத்துக்கு இரண்டு. ஒரு பக்கம் மட்டும் பசை பட்டால் சார்ட் ஓடு மாதிரி வளையும். பின்புறம் அதே அளவு வெள்ளைத்தாளை அதே பசையால் ஒட்டிவிட்டால் இரு பக்கமும் ஒரே மாதிரி சுருங்கி நேராக நிற்கும். கதை எழுத இடமும் ஆயிற்று. மேலும் கீழும் பாலித்தீன் வைத்து, ஓர் இரவு கனத்தின் அடியில்.

தையலுக்கு வலை பின்னும் நைலான் நூல் அருமையானது, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் ஸ்டேப்பிளர் கம்பியைவிட நூறு மடங்கு மேல். ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி, சம இடைவெளியில் நான்கு துளை. நைலான் முடிச்சு வழுக்கும் என்பதால் இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைப் பெரியவர் ஒருவர் தீயில் காட்டி உருக்கிவிட வேண்டும். மைதா வாசத்துக்கு இராமபாணப் பூச்சி வரும். புத்தகங்களைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காமல், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். வெட்டி மீந்த வண்ணத் துண்டுகளை எறிய வேண்டாம், நிறவாரியாகப் பழைய கவர்களில் போட்டு வைத்தால் அடுத்த வருடத்து மீன்களுக்குச் செதிள் தயார்.