டெல்லியிலிருந்து டோக்கியோ போக ஒரு நேரம், திரும்பி வர வேறு நேரம் ஆவது ஏன்?

டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் வான்வழித் தூரம் சுமார் 5,850 கிலோமீட்டர். வான்வழித் தூரம் என்பது, பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊர்களுக்கும் நூல் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய நீளம். போனாலும் வந்தாலும் அது மாறாது. ஆனால் போகும்போது ஏறத்தாழ 7½ மணி நேரம். திரும்பும்போது 9 மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் ஓர் ஆறுபோல ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். 1920களிலேயே வசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர் பலூன் விட்டு இதை அளந்தார். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் வெளியிட்டார், பாவம், உலகம் கண்டுகொள்ளவில்லை.

ஆற்றில் பரிசல் விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு போடும் வேகம் ஒன்றுதான். நீரோட்டத்தோடு போனால் கரை சரசரவென்று நகரும், எதிர்த்துப் போனால் தோள் கழன்றுவிடும். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தை 150 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால், இருக்கைக்கு முன்னுள்ள திரையில் தரைவேகம் 1,050 என்று காட்டும். அதே காற்று எதிரே வந்தால் 750தான்.

டிக்கெட்டைப் பார்த்துக் குழம்பவும் வாய்ப்பு உண்டு: இரவு 9 மணிக்குக் கிளம்பி காலை 8 மணிக்கு இறங்கினால் 11 மணி நேரப் பயணம் அல்ல, ஜப்பான் கடிகாரம் 3½ மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே பறந்தால் ஊர் தானாக எதிரே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து நம் கைக்கே திரும்புவதுபோல, வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.