படம் கீற வராது, இந்தப் பாடம் சரிவருமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். மனித-கணினி ஊடாட்டம் என்ற பாடத்தை எடுக்க விருப்பம். ஆனால், எனக்குப் படம் கீறவே வராது. சரிவருமா?
- வாசகி, கோப்பாய்

பதில்: தாராளமாக எடுங்கோ தங்கச்சி. ஆட்கள் கணினியையும் போனையும் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று பார்த்து, அவற்றை இலகுவாக்கப் படிப்பதுதான் இந்தப் பாடம். கொப்பியில் நாலு பெட்டி கீறத் தெரிந்தால் போதும். திரைகளின் முதல் மாதிரிகளைக் கடதாசியில்தான் செய்து பார்ப்பார்கள். பாடத்தின் பெரும்பகுதி ஆட்களைக் கவனிப்பது.

உங்கள் அம்மம்மாவுக்குக் கனடாவிலிருந்து வட்ஸ்அப் அழைப்பு வரும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். பல போன்களில் பச்சை வட்டத்தை மேலே இழுக்க வேண்டும். அவரோ குத்திக்கொண்டே இருப்பார், மணி நின்றுவிடும். உடனே போனைப் பறிக்காதீர்கள்! விரல் எங்கே போனது, எதைப் பார்த்துத் தயங்கினார் என்று குறித்து வையுங்கள். பிறகு அந்தத் திரையை எப்படி மாற்றலாம் என்று யோசியுங்கள்.

கொஞ்சம் கணக்கும் வரும். 1954இல் போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விதி சொன்னார்: இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால் அதைத் தொட நேரம் கூடும். மவுஸ் பிறக்க முன்னரே சொன்னது. பொத்தான்களின் அளவுக்கு இன்றும் பொருந்துகிறது.

புள்ளிவிபரவியலை மட்டும் தட்டிக்கழிக்க வேண்டாம். சோதனை முடிவுகளை வாசிக்க அது கட்டாயம் வேணும்.