இன்ஜின் ரூமுக்கு எந்தப் பெயிண்ட்? பழைய கார் கேள்வி பதில்

கேள்வி (திருச்சி வாசகர்): 1983 அம்பாசடர் மார்க் 4. இன்ஜினை இறக்கியிருந்தபோது, 600 டிகிரி தாங்கும் என்று டின்னில் போட்டிருந்த கறுப்பு ஸ்பிரேயை இன்ஜின் ரூம் முழுக்க அடித்தோம். ஆறு மாதம்கூட ஆகவில்லை, பெட்ரோல் பட்ட இடமெல்லாம் துணியோடு வருகிறது. டின் போலியா?

பதில்: டின் அசலாகவே இருக்கலாம். அடித்த இடம்தான் தப்பு. அதிக வெப்பம் தாங்கும் பெயிண்ட் பெரும்பாலும் சிலிக்கோன் ரெசினில் செய்யப்படுவது. அது முழுதாக இறுக, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரமாவது வேக வேண்டும். உங்கள் வண்டியின் ஃபயர்வாலும் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) பக்கத் தகடுகளும் நல்ல வெயிலில், டிராஃபிக்கில் நின்றால்கூட 100 டிகிரியைத் தொடுவது அபூர்வம். ஆக, அந்தப் பெயிண்ட் வேகவே இல்லை. சூளைக்குப் போகாத பச்சைச் செங்கல் மழையில் கரைகிற கதைதான்.

இன்ஜின் ரூம் என்றதும் எல்லாரும் சூட்டைத்தான் நினைக்கிறார்கள். அங்கே தகட்டுப் பெயிண்டைக் கெடுப்பது பெட்ரோல், பிரேக் ஆயில், பேட்டரி ஆசிட், இவற்றோடு வருஷக்கணக்கில் ஊறிய கிரீஸ். இத்தனைக்கும் ஈடுகொடுப்பது இரண்டு டின்னில் வரும் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பியூ (இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன்) பெயிண்ட். ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுவதால், காய்ந்த பிறகு பெட்ரோலில் கரையாது. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், தின்னர் ஆவியாகிக் காய்வது மட்டுமே. பெட்ரோலும் தின்னரும் பட்டால் மறுபடி இளகும். சிந்தெடிக் எனாமல் இரண்டுக்கும் நடுவில்: ஆயிலுக்குப் பரவாயில்லை, பிரேக் ஆயில் பட்டால் சுருங்கிக் கிளம்பும்.

இப்போது இருக்கும் சிலிக்கோன் பெயிண்ட்மேல் எதையும் அடிக்க வேண்டாம், ஒட்டாது. தகடு தெரியும்வரை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): பழைய பிரீமியர் பத்மினி. இன்ஜின் ரூமில் முன்பு யாரோ அடித்த பெயிண்ட் என்ன ரகம் என்று தெரியவில்லை. அதன்மேலேயே 2கே அடிக்கலாமா? எவ்வளவு வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு சோதனை. என்சி தின்னரில் நனைத்த துணியை மறைவான ஓர் இடத்தில் ஒரு நிமிஷம் வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் வழுவழுவென்று வந்தால் என்சி. தோல் சுருங்கி மேலே எழும்பினால் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் 2கே. மூன்றாவது வகையை மட்டும், நன்றாக ஒட்டியிருந்தால் உப்புத்தாள் போட்டு மேலே அடிக்கலாம். மற்ற இரண்டையும் சுரண்டி எடுத்துவிடுவது உத்தமம். புதுப் பெயிண்டில் உள்ள தின்னர் கீழே இறங்கிப் பழைய எனாமலைக் கிளப்பிவிடும்.

கிரீஸை எடுப்பது உப்புத்தாள் போடுவதற்கு முன்னால். இந்த வரிசையை மாற்றினால் கிரீஸ் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எந்த தின்னரும் அதை எடுக்காது. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வேக்ஸ் ரிமூவர் நனைத்த துணியால் ஒருமுறையும் காய்ந்த துணியால் ஒருமுறையும் துடையுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் அதே ஷெட்டில் அடித்திருந்தால் பெயிண்டில் மீன்கண் மாதிரி குழி விழும். அதற்குக் காரணம் அதிலிருக்கும் சிலிக்கோன்.

பிறகு 80, 120, 180 என்று உப்புத்தாள். துருவுக்கு ஆசிட் கலந்த ரிமூவர் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே உலர்த்துங்கள். மிச்ச ஆசிட்மேல் எபாக்ஸி பிடிக்காது. பேட்டரி தட்டு ஓட்டையாகியிருந்தால் பட்டி வைத்து மூடாதீர்கள். டிங்கரிங் வேலை முடித்து வெல்டிங் வைத்த பிறகே பெயிண்ட்.

எபாக்ஸி இரண்டு கோட், நடுவே 15 முதல் 20 நிமிஷ இடைவெளி. அது காய்ந்ததும் தகடு சேரும் இணைப்புகளில், இடுக்கை அடைக்கும் சீம் சீலர். துரு கிளம்புவதே அந்த இடுக்குகளில்தான், ஆனால் பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் 400 தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு 2கே இரண்டு கோட், மெலிதாக. உள்பக்கம் மொத்தம் 3 முதல் 4 சதுர மீட்டர்தான். ஹார்டனர், தின்னர் சேர்த்துக் கலந்த நிலையில் எபாக்ஸி ஒரு லிட்டர், கலர் ஒரு லிட்டர் தாராளம். ஹார்டனர் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், 2:1 உண்டு, 4:1 உண்டு. டின்னில் உள்ளபடி அளவுக் கோப்பையில் கலக்கவும். கண் மதிப்பில் கலந்தால், ஹார்டனர் குறைந்தால் இளகும், கூடினால் உடையும். பியூ தின்னர்தான், என்சி தின்னர் கூடாது.

மூலைகளில் காற்று திரும்பி அடிப்பதால் பெயிண்ட் தூளாகப் படியும். சின்ன ஸ்பிரே கன் எடுத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து, மூலைகளை முதலில் அடித்துவிட்டுப் பிறகு அகலமான இடத்துக்கு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். ஹார்டனர் ஈரத்தோடு வினைபுரிந்து குமிழ் விடும், பளபளப்பும் போகும். கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் அவசியம்.

இன்னொன்று, இதை அலட்சியப்படுத்தாதீர்கள். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்தால் சிறு அளவும் பிறகு தாங்காது. மூக்கில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாதவர்கள் கன்னைத் தொடாமல், பூத் வைத்திருக்கும் பெயிண்டரிடம் விடுவதே சரி.

கலர்? வண்டியின் கலரே. கறுப்பு அழுக்கை மறைக்கும், கூடவே ஆயில் ஒழுகலையும் மறைக்கும். மேட் ஃபினிஷும் வேண்டாம், கிரீஸ் அதில் ஏறிவிட்டால் துடைத்தால் போகாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): 2கே அடித்தும், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயிண்ட் ஊதிப்போயிருக்கிறது. சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறலாமா?

பதில்: டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகோல் வகை, பெயிண்டைத் தின்னும். 2கே கொஞ்ச நேரம் தாங்கும், நாள்கணக்கில் ஊறினால் தாங்காது. ஒழுகுவது சிலிண்டரின் சீல்; அதை மாற்றாமல் பெயிண்ட் மாற்றிப் பயனில்லை. சிந்தினால் துணியால் தேய்க்கக் கூடாது. தண்ணீரில் கரையும் என்பதால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். டாட் 5 சிலிக்கோன் பெயிண்டைத் தொடாது, உண்மை. ஆனால் பழையதோடு கலக்காது. முழு லைனையும் காலி செய்து, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பெடலும் சற்று மெத்தென்று இருக்கும். ஒரு சீலுக்காக இவ்வளவு வேண்டாம். டாட் 5.1 என்று விற்பது சிலிக்கோன் அல்ல, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

புதுப் பெயிண்ட் என்றால் குறைந்தது ஒரு வாரம் காயவிட்ட பிறகே பிரேக் பிளீட் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது) செய்யுங்கள்.

கேள்வி (சேலம் வாசகர்): எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய்) அதே 2கே அடிக்கலாமா?

பதில்: கருகிவிடும். முதல் வாசகர் வாங்கிய சிலிக்கோன் பெயிண்டுக்கு உரிய இடம் இதுதான். துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, பிரைமர் இல்லாமல் வெறும் இரும்பில், மெலிதாக இரண்டே கோட். தடிமனாக அடித்தால் செதில் செதிலாக உதிரும். மறுநாள் இன்ஜினைப் பத்து நிமிஷம் ஐடிலிங்கில் ஓட்டி ஆறவிடுங்கள், அடுத்து இருபது நிமிஷம், பிறகு சாலையில் ஒரு சுற்று. புகையும் நாற்றமும் வரும், ஷெட் கதவைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): பவுடர் கோட்டிங் செய்தால் எப்படி?

பதில்: கழற்ற முடிகிற பேட்டரி தட்டு, பிராக்கெட், ஏர் கிளீனர் டப்பாவுக்கு நல்லது. 180 முதல் 200 டிகிரியில் வேகவைப்பார்கள், ரப்பர் புஷ் எல்லாம் கழற்றிக் கொடுங்கள். பாடிக்கு முடியாது.

கேள்வி (சென்னை வாசகர்): பெயிண்ட் முடிந்த பிறகு செல்ஃப் இழுக்க மாட்டேன் என்கிறது. எஃப்சிக்கும் (தகுதிச் சான்று) நாள் நெருங்குகிறது.

பதில்: எர்த் வயர் உட்காரும் இடத்தில் பெயிண்ட் ஏறியிருக்கும். நாணயம் அளவு வட்டத்தைச் சுரண்டி, வெறும் இரும்பில் வயரை முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டும்போதே மறைத்திருக்க வேண்டிய இடம் அது. அதேபோல் சேசிஸ் நம்பர். ஆர்டிஓவில் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து மங்கினால் வீண் கேள்விகள். அங்கே உப்புத்தாளோ கிரைண்டரோ படவே கூடாது. பெயிண்ட் ரிமூவர் தடவி, மரக்குச்சியால் நெருடி எடுங்கள்.