பால் கணக்குக்கு ஒரு ஆப்

வணக்கம் ஐயா,

கோபி பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றுகிறேன். 140 வீடு. கணக்கெல்லாம் நோட்டில்தான். மாதக் கடைசியில் கூட்டினால் எங்காவது இடிக்கும். ஒரு ஆப் செய்யலாமா என்று விசாரித்தேன், ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். தங்கச்சி பையன், 'மாமா, யூடியூப் பாத்து நீங்களே கத்துக்கலாம்' என்கிறான். எனக்கு வயது 42, படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. எது நல்லது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆப்பை யார் திறக்கப் போகிறார்கள்? நீங்களும், லைனுக்குப் போகும் ஒரு பையனும். அப்படியென்றால் அது கூகுள் ப்ளேக்குப் போகவே வேண்டாம், 60,000 ரூபாயும் வேண்டாம். அதற்காகக் காட்லின், ஃப்ளட்டர் என்று கோடிங் கற்க உட்காரவும் வேண்டாம். விடியற்காலையில் எழுந்து பால் ஊற்றுகிறவருக்கு அது பல மாத வேலை. கூகுள் ஷீட்டில் கணக்கைப் போட்டு, ஆப்ஷீட் என்ற கருவியை அதன்மேல் வைத்தால் போனில் ஆப் மாதிரியே திறக்கும். சிக்னல் இல்லாத தெருவிலும் பதியலாம், பிறகு சேர்ந்துகொள்ளும்.

கஷ்டம் கருவியில் இல்லை, கணக்கில்தான். 140 வீட்டுக்கும் தினமும் 'ஊற்றினேன்' என்று தட்டிக்கொண்டிருந்தால் பத்தாம் நாள் அலுத்துவிடும். வழக்கமான அளவை வீட்டுப் பட்டியலிலேயே வைத்துவிட்டு, மாறிய நாளை மட்டும் பதியுங்கள்: ஊருக்குப் போனார்கள், விருந்தாளி வந்து அரை லிட்டர் கூட. விலையை மட்டும் ஷீட்டின் ஒரே கட்டத்தில் வைக்காதீர்கள். மாத நடுவில் லிட்டருக்கு 2 ரூபாய் ஏறினால் அதற்கு முந்தைய நாட்களுக்கும் புது விலை விழுந்துவிடும். எந்தத் தேதியிலிருந்து என்ன விலை என்று தனி ஷீட் வேண்டும். இதையெல்லாம் டெவலப்பர் உங்களிடம் கேட்பாரா என்பது சந்தேகம்தான். மாதக் கடைசியில் இடிப்பது உங்களுக்குத்தானே!

வாடிக்கையாளரே தன் போனில் பில் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று பின்னால் தோன்றினால், அப்போது ஆள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயம், இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் கதைகளை ஒலியாகக் கேட்க ஒரு ஆப் செய்யச் சொல்லி ஒரு டெவலப்பரிடம் கொடுத்திருந்தேன். நன்றாகவே செய்தார். கூகுள் ப்ளேயில் அவர் பெயரில் இருந்த கணக்கிலேயே ஏற்றினார், நானும் தலையாட்டிவிட்டேன். புது ஆண்ட்ராய்டுக்குத் தக்கபடி ஆப்பைப் புதுப்பிக்க வேண்டும் என்று கூகுள் வருடா வருடம் கேட்கும். கேட்டபோது அவர் போனையே எடுக்கவில்லை. ஆப்பின் கோடும், அதாவது அதை எழுதிய நிரலும், என்னிடம் இல்லை. புதுப் போன் வாங்கியவர்கள் தேடினால் என் ஆப் கண்ணிலேயே படவில்லை. கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டேன். கதைகளையும் யாரும் கேட்கவில்லை, அது வேறு.

அதனால் ப்ளே கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் திறங்கள். ஒரே முறை 25 டாலர்தான். (ஐபோனுக்கும் வேண்டுமென்றால் வருடத்துக்கு 99.) புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் ஆப்பை எல்லோருக்கும் திறந்துவிட விண்ணப்பிக்க முடியும். உங்களிடம் 140 வீடு இருக்கிறது, கவலையில்லை. பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை கோடு உங்கள் கைக்கு வந்த பிறகு.

இப்போதைக்குத் தங்கச்சி பையனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். முதலில் ஒரு தெரு, பத்து வீடு மட்டும் ஏற்றிப் பாருங்கள். நோட்டும் கூடவே ஓடட்டும், இரண்டு மாதக் கணக்கு ஒத்துப்போகும் வரை.