பியானோ கலைஞர் இசைவிழா இயக்குநரானால் கற்ற கலை வீணாகுமா?

கேள்வி: சின்ன வயதிலிருந்து பியானோவே கதி என்று இருந்த ஒருவர், நடுவயதில் இசைவிழா இயக்குநராகப் போவது ஏன்? அத்தனை வருடப் பயிற்சியும் வீண்தானே?

வீண் இல்லை. சொல்லப்போனால் அந்தப் பயிற்சியில் ஒரு பங்கு, இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முழுசாக வேலை செய்கிறது.

பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிக்கும் வேலையைக் கொஞ்ச காலம் செய்திருக்கிறேன். பாடுபவர் எங்கே மூச்சு எடுப்பார், எந்த இடத்தில் தடுமாறுவார் என்று முன்கூட்டியே உணர்ந்து வழிவிட வேண்டும். கச்சேரிக்கு நிரல் போடும் வேலையும் பல சமயம் நம் தலையில்தான் விழும். கனமான பாட்டுக்குப் பின் எதை வைத்தால் கேட்பவர் மனம் ஈடுகொடுக்கும், இடைவேளைக்கு முன் எதை நிறுத்துவது என்று மணிக்கணக்கில் பேசுவோம். விழா இயக்குநர் செய்வதும் இதே வேலைதான், பல மடங்கு பெரிய அளவில்.

இந்தப் பாதைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், ஆஸ்திரியாவின் பெரிய இசை, நாடக விழாவான சால்ஸ்பர்க் விழாவுக்கு இயக்குநராக உயர்ந்த பியானோ கலைஞர் மார்குஸ் ஹின்டர்ஹாய்சர். இத்தாலியின் லா ஸ்பெட்சியாவில் பிறந்தவர்; வியன்னாவிலும் சால்ஸ்பர்க்கிலும் பியானோ படித்தார். பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர் போன்ற பெரிய பாடகர்களுக்கு வாசித்தார். அப்புறம், பலர் தொடவே தயங்கும், ரஷ்ய இசையமைப்பாளர் கலினா உஸ்த்வோல்ஸ்கயாவின் ஆறு பியானோ சொனாட்டாக்களையும் (தனி வாத்தியத்துக்கான நீண்ட படைப்புகள்) பதிவு செய்தார். ஆறாவது சொனாட்டாவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைக் கொத்தாகச் சேர்த்து அறைந்துகொண்டே போக வேண்டும். முதல்முறை கேட்டபோது எனக்கு உடம்பே அதிர்ந்தது.

அவர் நேராகப் போய்ப் பெரிய நாற்காலியில் உட்காரவில்லை. 1993-ல் டோமாஸ் சீர்ஹோஃபர்-கின் என்பவரோடு சேர்ந்து, சால்ஸ்பர்க் விழாவுக்கு உள்ளேயே 'சைட்ஃப்ளஸ்' என்ற நவீன இசைத் தொடரைத் தொடங்கினார். முதல் வருடமே இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோவின் 'ப்ரொமெதெயோ'வை ஒரு தேவாலயத்தில் நிகழ்த்தினார்கள். கேட்பவர்களைச் சுற்றிலும் இசைக்குழுக்களைப் பிரித்து உட்காரவைக்க வேண்டிய படைப்பு அது. எந்த இடத்தில் எந்த இசை உயிர்பெறும் என்று தெரிந்தவர்தான் இப்படி ஒரு தொடக்கத்துக்குத் துணிய முடியும். 2007 முதல் சால்ஸ்பர்க் விழாவின் கச்சேரிப் பிரிவுக்குப் பொறுப்பு, 2014-லிருந்து மூன்று வருடம் வியன்னாவின் வீனர் ஃபெஸ்ட்வோஹன் கலைவிழா, 2016 அக்டோபரில் சால்ஸ்பர்க்கின் தலைமைக் கலைப் பொறுப்பு. சின்னத் தொடரில் தொடங்கி அங்கே வந்து சேர இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

2020 சால்ஸ்பர்க் விழாவின் நூற்றாண்டு. கொரோனா வந்ததும் ஜெர்மனியின் பைராய்ட், ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாக்கள் ரத்தாகிவிட்டன. சால்ஸ்பர்க் விழாவைச் சுருக்கி நடத்தினார்கள்: ஆகஸ்ட் மாதத்தின் 30 நாளில் 110 நிகழ்ச்சிகள். மொசார்ட்டின் 'கோசி ஃபான் டுட்டே' ஓபரா இடைவேளை இல்லாமல் ஓடும்படி வெட்டப்பட்டது; பியானோ கலைஞர் இகோர் லெவிட் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் எட்டு மாலைகளில் வாசித்தார். அந்தக் கோடையில் உலகம் முழுக்க இசைக்கலைஞர்கள் வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். அந்த 110 நிகழ்ச்சிகளை நான் வெறும் நிர்வாகச் சாதனையாகப் பார்க்கவில்லை. மேடை இல்லாத கலைஞரின் நிலைமை இன்னொரு கலைஞருக்குத்தானே நன்றாகப் புரியும்.

எல்லோரும் இவ்வளவு பெரிய விழாவுக்குப் போவதில்லை. பியானோ மேதை ருடால்ஃப் செர்கின் 1951-ல் அமெரிக்காவின் வெர்மாண்டில் மார்ல்பரோ விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அங்கே மூத்தவர்களும் இளையவர்களும் சமமாக உட்கார்ந்து வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். தயாரானது மட்டும் மேடைக்கு வரும்; அதனால் கச்சேரி நிரலே ஒரு வாரம் முன்னால்தான் வெளியாகும். ஒத்திகையின் அருமை தெரியாத நிர்வாகி யாரும் இப்படி ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். இன்னொரு பியானோ கலைஞரான மிட்சுகோ உச்சிதாவும் பிறகு அங்கே இயக்குநரானார்.

என் மனசுக்கு மிகவும் பிடித்தது பிரெஞ்சு பியானோ கலைஞர் பியர்-லோரான் எமார் செய்தது. இங்கிலாந்தின் ஆல்ட்பரோ விழாவுக்கு 2009 முதல் 2016 வரை கலை இயக்குநராக இருந்தார். கடைசி வருடத்தில், பறவைகளின் குரல்களிலிருந்து பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் எழுதிய 13 பியானோ துண்டுகளை விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவு வரை ஒரே நாளில் பிரித்து வாசித்தார். வைகறைப் பறவை வைகறையில், இராப்பறவை இரவில். இயக்குநராக நேரத்தையும் இடத்தையும் தீர்மானித்தவரும், பியானோவில் உட்கார்ந்து விரல் வைத்தவரும் அவரேதான்.

சரி, இழப்பே இல்லையா? இருக்கிறது. ஓபராப் பாடகர்களின் தேதிகளைச் சில வருடங்கள் முன்பே பிடிக்க வேண்டும். பட்ஜெட், ஸ்பான்சர், டிக்கெட் வருமானம் என்று பகல் முழுவதும் கரைந்துபோகும். பயிற்சி நேரம் குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது விரல்தான். அதனால் பலர் தனிக்கச்சேரிகளை விட்டுவிட்டுச் சேம்பர் இசையையும் (சிலர் மட்டும் சேர்ந்து வாசிப்பது) பாட்டுக்கு வாசிப்பதையும் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஹின்டர்ஹாய்சரும் பாடகர் மத்தியாஸ் கோர்னேவோடு ஷூபெர்ட்டின் 'வின்டர்ரைஸ' பாடல் தொகுப்பை வாசித்துக்கொண்டுதான் இந்தப் பொறுப்புகளைப் பார்த்தார். அடியோடு வாசிப்பை நிறுத்தியவரைவிட, கொஞ்சமாவது மேடையேறுபவரின் நிரலைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஒரு கச்சேரிக்கு எத்தனை ஒத்திகை தேவை என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்களுக்கே இந்த ஆசை இருந்துதான் கேட்டீர்கள் என்றால், சின்ன அரங்கு ஒன்றைப் பிடித்து மூன்று மாலைகளுக்கு நிரல் போட்டுப் பாருங்கள். இரண்டு மாலை மற்றவர்களை வாசிக்கவிட்டுப் பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள். உங்கள் கச்சேரி நன்றாகப் போனதைவிட அவர்களுடையது நன்றாகப் போனதில் உங்களுக்கு அதிக சந்தோஷம் வந்தால், தைரியமாக இந்தப் பக்கம் வரலாம்.