ஒரே மாதிரி ஓடும் வேலை வாரத்தில் நன்றி சொல்லச் சிறிய காரணங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி கேட்டவர் தன் நிலையையும் சுருக்கமாக எழுதியிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே பஸ், ஒரே மேசை, ஒரே கணக்கு. யாரோ சொன்னார்கள் என்று ஒவ்வோர் இரவும் மூன்று நல்ல விடயங்களை எழுதத் தொடங்கியிருக்கிறார். சில நாட்களிலேயே "சாப்பாடு, உடல்நலம், குடும்பம்" என்ற அதே சொற்கள் திரும்பத் திரும்ப வர, அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

நான் கரவெட்டியில் இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு நாள்தோறும் பஸ்ஸில் வந்து, ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்பவன். வருட முடிவுக் கணக்கு நாட்களைத் தவிர்த்தால் என் வாரமும் உங்களுடையதைப் போன்றதுதான். உங்கள் பட்டியல் அவ்வளவு விரைவில் வறண்டதற்குக் காரணம், அதில் பொருட்கள் இருந்தன, ஆட்கள் இருக்கவில்லை என்பதே என்று நினைக்கிறேன். "சாப்பாடு" என்று எழுதினால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அந்தச் சாப்பாட்டை விடியப்புறம் எழுந்து யார் சமைத்தார், அதற்கான மரக்கறியை யார் விளைவித்தார் என்று எழுதத் தொடங்கினால், ஒரு நாள் எழுதியது மறுநாள் எழுதுவதைப் போல இருக்காது.

நன்றியுணர்வைப் பற்றி நீண்டகாலமாக ஆய்வு செய்துவரும் அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் எமன்ஸ், அதில் இரண்டு பகுதிகள் இருப்பதாக விளக்குகிறார்: வாழ்க்கையில் நன்மை உண்டென்று ஏற்பது முதலாவது, அந்த நன்மை, ஒரு பகுதியாவது, நமக்கு வெளியே இருந்து வந்தது என்று அறிவது இரண்டாவது. பட்டியல் போடும் பழக்கத்தில் முதற் பகுதி மட்டுமே நிறைவேறுகிறது. எமன்ஸும் மைக்கல் மக்கலோவும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை தாம் நன்றியுடன் நினைக்கும் விடயங்களை எழுதிவந்த மாணவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தமது வாழ்க்கையைப் பற்றி நிறைவாகவும் அடுத்த வாரத்தைப் பற்றி நம்பிக்கையாகவும் உணர்ந்தார்கள் என்று கண்டார்கள். வாரம் ஒருமுறை என்பதைக் கவனியுங்கள். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் செய்த வேறோர் ஆய்வில், வாரத்துக்கு மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கிடைக்காத பயன் வாரத்துக்கு ஒரு தடவை எழுதியவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே தினமும் எழுதி அலுத்துப்போனதை உங்களுடைய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆட்களை எங்கே தேடுவது என்பதற்கு என் காலைப் பயணத்தையே சொல்கிறேன். நெல்லியடியில் நான் ஏறும்போது பஸ்ஸில் இருக்க இடம் கிடைப்பது அரிது. பருத்தித்துறையில் இருந்தே ஆட்கள் நிரம்பி வருவார்கள். தோளில் ஒரு பை, கையில் சாப்பாட்டுப் பை, மற்றக் கையால் மேற்கம்பியைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் இருக்கையில் இருக்கும் எவராவது "இஞ்ச தாங்கோ" என்று கையை நீட்டிப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்; கை மட்டும் வரும். ஒருமுறை என் சாப்பாட்டுப் பையை வாங்கிய வயதான அம்மா ஒருவர், அது சரிந்து இருப்பதைக் கண்டு, உள்ளே கையை விட்டு ரிஃபின் கரியலை நிமிர்த்தி, வல்லைப் பாலம் கடந்து புத்தூர்ச் சந்தி வரும்வரையும் அதன் மூடியின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டே வந்தார். பஸ் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் அவருடைய விரல்கள் இறுகுவதை மேலே நின்று பார்த்தேன். கறி ஊற்றினால் நனையப்போவது அவருடைய சேலைதான். ஆனாலும் பையைக் காலடியில் வைக்கவில்லை. புத்தூரில் அவர் இறங்கும்போது, அருகில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளையிடம் "ஆணம் ஊத்துப்படும், கவனம்" என்று சொல்லிப் பையைக் கைமாற்றிவிட்டுப் போனார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் நான் எழுதியது முழுவதும் அவரைப் பற்றித்தான்.

புத்தூர் தாண்டினால் நீர்வேலி, கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள். வாழைக்கு இறைக்கும் நாளென்றால் பஸ் யன்னலால் தண்ணீர் மாறுபவரைப் பார்க்கலாம். மோட்டார் தண்ணீரை வாய்க்காலில் விட்டுக்கொண்டிருக்கும். அவர் மண்வெட்டியோடு ஒரு பாத்தியின் வாயில் நிற்பார். பாத்தி நிறைந்ததும் அடுத்த பாத்தியின் வரம்பை ஒரே வெட்டில் திறந்து, வெட்டிய அதே மண்ணைத் தூக்கி முதற் பாத்தியின் வாயை அடைப்பார். தண்ணீர் ஒரு கணமும் நிற்காது, வீணாகவும் ஓடாது. இந்தக் கவனத்துக்கு நிலத்தில் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் வடகீழ்ப் பருவ மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின்மேல் நன்னீர்ப் படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் இருந்து உவர் மேலே வந்துவிடும். நானும் அவரும் குடிப்பது அந்த ஒரே நீரைத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கதலிப்பழத்தை உரிக்கும்போது எனக்கு அந்த மண்வெட்டி நினைவுக்கு வருமானால், அது கட்டாயத்தால் வருவதல்ல. காலையில் பார்த்தேன், பகலில் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனையும் இதுவே: வேலைக்குப் போகும் வழியில் கைபேசியைச் சிறிது நேரம் பைக்குள் வைத்துவிட்டு, யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ வரும். கொண்டுவருபவர் எங்களுக்கு முன்பே வந்து, கதவு யன்னல் திறந்து, மேசைகளைத் துடைத்து, தண்ணீர் கொதிக்க வைத்திருக்கும் அக்கா. இந்தத் தேநீரை அவரோடு நிறுத்திக்கொண்டால் கதை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் அதன் இலை மலையகத்தில் பறிக்கப்பட்டது. 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை, தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் முதுகில்தான் வளர்ந்தது. அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர்களுடைய நாட்சம்பளத்துக்கான போராட்டம் இன்றும் முடியவில்லை. வடக்கில் இருக்கும் நாங்களும் அவர்களை எப்போதும் மதிப்போடு நடத்தினோம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கோப்பையின் பின்னால் உள்ள கைகளைத் தேடப் புறப்பட்டால் இந்த இடத்துக்கும் வந்துசேர வேண்டியிருக்கிறது. வந்துசேர்வது நல்லது என்றே நினைக்கிறேன். ஒருவருடைய உழைப்பால் பயன்பெறுகிறோம் என்று உண்மையாக உணர்ந்தவருக்கு, அந்த உழைப்புக்கு உரிய கூலி கிடைக்கிறதா என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது வழி, இருப்பதை இல்லாததாக எண்ணிப் பார்ப்பது. 2008 இல் உளவியலாளர்களான மின்கியுங் கூவும் திமொத்தி வில்சனும் வேறு சிலரும் வெளியிட்ட ஆய்வொன்றில், தம் துணையை எவ்வாறு சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்கள் தம் உறவைப் பற்றி அதிக நிறைவு கொண்டார்கள். என் வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்குக் கற்பனையே தேவையில்லை. போர் நடந்த தொண்ணூறுகளில் எங்களுக்குப் பல ஆண்டுகள் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அருமை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் வைத்து எரித்த விளக்கில்தான் படித்தோம். 1990 இல் நின்ற ரயில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்ரோபரில். இடையில் ஒரு தலைமுறை ரயிலைக் காணாமலே வளர்ந்து முடிந்திருந்தது. இன்றைக்கும் மாலையில் ஆளியைத் தட்டியதும் வெளிச்சம் வரும்போது அதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை. இந்தக் காலங்களைக் காணாத என் இளைய சகபணியாளர்களும் 2022 இன் எரிபொருள் வரிசைகளையும் நீண்ட மின்வெட்டுகளையும் கண்டவர்கள். பஸ் ஓடாத கிழமைகளில் சைக்கிளில் வந்தவர்கள். ஆனால் ஒன்று: இந்த நினைவு அவரவர் தமக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது. "நாங்கள் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா" என்று பிள்ளைகளிடம் சொல்லி நன்றியைக் கறந்தெடுக்க முயல்வது எனக்குப் பிடிக்காது. இழப்பைக் காட்டி ஒருவரை வாயடைக்க வைக்கலாம், நன்றியுள்ளவராக்க முடியாது.

இதே காரணத்தால், நன்றியைச் சாட்டி உங்கள் உரிமையை எவரும் விலை பேச இடங்கொடுக்க வேண்டாம். முன்னர் நான் வேலை செய்த ஓரிடத்தில் மேலதிக நேரத்துக்கான பணத்தைக் கேட்டவர்களுக்கு, "இந்தக் காலத்தில் வேலை இருக்கிறதே, அதற்கு நன்றியாயிருங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. இலங்கையின் 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற எல்லையையும் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவையும் விதித்திருக்கிறது. சட்டப்படி தர வேண்டியதைத் தருவது கொடை ஆகாது. அந்த இடத்திலும் நான் நன்றியோடு நினைக்கும் ஒருவர் உண்டு: எனக்குக் கணக்குச் சரிபார்க்கச் சொல்லித் தந்த மூத்த எழுதுவினைஞர். ஐந்து சதம் இடித்தாலும் விடமாட்டார். பக்கத்தில் வந்திருந்து, தன் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு வருவார். கண்டுபிடித்ததும் தான் சொல்லாமல் பென்சிலை அந்த வரியில் நிறுத்தி, நான் காணும்வரை காத்திருப்பார். முதலாளியிடம் உரிமையைக் கேட்டதும் அவரிடம் நன்றியோடு இருந்ததும் எனக்கு ஒன்றோடொன்று முரண்படவில்லை.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பியபின், அந்த வாரத்தில் ஓர் ஆளைப் பற்றி மட்டும் நாலைந்து வரி எழுதுகிறேன்: அவர் என்ன செய்தார், எனக்கு அது எந்த நேரத்தில் உதவியது, அதைச் செய்ய அவருக்கு என்ன செலவானது. இந்த மூன்றாவதுதான் முக்கியமானது. பஸ்ஸில் வந்த அம்மாவுக்குத் தன் சேலை, தோட்டக்காரருக்கு விடியற்கால நித்திரை, மூத்தவருக்குத் தன் வேலை நேரம். செலவைக் கண்டுபிடித்துவிட்டால் எழுத்து தானாக வரும். ஒன்றும் அகப்படாத வாரங்களும் உண்டு. அப்போது எழுதாமல் விட்டுவிடுகிறேன்.

எழுதியதை உரியவரிடம் சொல்லவும் வேண்டும் என்பது என் எண்ணம். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் சகாக்களும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதி நேரிலே கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி பெரிதாக உயர்ந்து ஒரு மாதமளவு நீடித்தது. எங்கள் ஊரில் அப்படிக் கடிதம் நீட்டினால் வாங்குபவர் கூச்சப்பட்டுப்போவார்; ஆகையால் நான் வாயால், ஒரு குறிப்பான விடயத்தை மட்டும் சொல்கிறேன். "அக்கா, போன கிழமை ஓடிற் (கணக்காய்வு) நடந்தபோது கேட்காமலே நாலு மணிக்கும் தேத்தண்ணி கொண்டந்து தந்தீங்கள், அதாலதான் தலையிடி இல்லாமல் முடிச்சன்" என்று சொன்னேன். அவர் நன்றிக்குப் பதில் எதுவும் சொல்லவில்லை. இஞ்சி விலையேறிவிட்டதாகவும், தன் வளவில் இரண்டு சாடியில் நட்டிருப்பதாகவும், அதில் கிண்டிய இஞ்சிதான் அன்று போட்டதென்றும் சொன்னார். அதுவரை நான் அலுவலகச் செலவில் வாங்கியது என்றே எண்ணியிருந்தேன். சில்லறைச் செலவுக் கணக்கைப் பார்ப்பவன் நான்தான். அந்த மாதம் முதல் இஞ்சிக்கும் ஒரு தொகை ஒதுக்கும்படி முகாமையாளரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

நீங்கள் மீண்டும் தொடங்குவதாக இருந்தால் பழைய பட்டியலைத் திருப்பிப் பார்க்காதீர்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பஸ்ஸிலோ மேசையைச் சுற்றியோ ஓர் ஆளைக் கண்டுபிடித்து வையுங்கள். எழுதும்போது பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.